நாற்பது நாள் கோழியும் ஆறு மாதக் கோழியும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் தமிழ்நாட்டின் எந்தக் கோழிக்கடைக்குப் போனாலும் விலைப்பலகையில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். பிராய்லர் ஒரு விலை. நாட்டுக்கோழி அதைப்போல இரண்டு மடங்கு, சில ஊர்களில் அதற்கும் மேல். வரிசையில் நிற்பவர்கள் பேசிக்கொள்வதும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றுதான். "பிராய்லரை ஊசி போட்டுத்தான் வளர்க்கிறாங்க." "ருசின்னா நாட்டுக்கோழிதான்." "உடம்புக்கும் அதுதான் நல்லது."

இந்த மூன்றில் முதலாவது தவறு. இரண்டாவது பெருமளவு சரி. மூன்றாவது பாதிதான் சரி. மூன்றையும் சேர்த்து ஒரே விலையாகக் கொடுத்துவிடுவதால் எதற்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நமக்குத் தெரிவதில்லை.

ஒரு கோழியின் இறைச்சி எப்படி இருக்கும் என்பதை நான்கு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அது எந்த இனம், எத்தனை நாளில் வெட்டப்பட்டது, எதைத் தின்று எங்கே திரிந்தது, வெட்டிய பிறகு அதை எப்படிக் கையாண்டார்கள். வீட்டுக் கோழி, பண்ணைக் கோழி என்று பிரிக்கும்போது இந்த நான்கும் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. முடிச்சை அவிழ்த்துத் தனித்தனியாகப் பார்த்தால்தான் கூடுதல் காசின் கணக்கு பிடிபடும்.

ஊசி இல்லாமலே இவ்வளவு வளர்ச்சியா?

பொரித்த அன்று ஒரு பிராய்லர் குஞ்சின் எடை சுமார் 40 கிராம். ஐந்தாறு வாரத்தில் அதுவே இரண்டு கிலோ. வீட்டுக் கோழி ஒரு கிலோவைத் தொட நான்கைந்து மாதம் ஆவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இயற்கையாகத் தோன்றாததில் வியப்பில்லை. ஹார்மோன் ஊசி என்ற சந்தேகம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் செய்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியான பதில் தருகிறது. அங்கே 1957ஆம் ஆண்டின் கறிக்கோழி வம்சத்தையும் 1978ஆம் ஆண்டின் வம்சத்தையும் வேறு இனக்கலப்பு இல்லாமல் அப்படியே காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அவற்றோடு 2005ஆம் ஆண்டின் வணிக ரகத்தையும் சேர்த்து, மூன்றுக்கும் ஒரே தீனி போட்டு, ஒரே மாதிரிச் சூழலில் வளர்த்தார்கள். 56 நாள் கழித்து எடை போட்டபோது 1957 கோழி 905 கிராம், 1978 கோழி 1,808 கிராம், 2005 கோழி 4,202 கிராம். ஆய்வு 2014இல் வெளியானது. தீனியிலும் பராமரிப்பிலும் வித்தியாசமே இல்லாதபோது எடை மட்டும் நான்கு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது என்றால், காரணம் கோழியின் மரபணுவில்தான் இருக்க வேண்டும்.

அந்த மரபணு மாற்றம் சோதனைக்குழாயில் நடந்ததும் அல்ல. தலைமுறை தலைமுறையாக வேகமாக வளர்ந்த கோழிகளை மட்டும் பொறுக்கி எடுத்து இணை சேர்த்ததன் விளைவு அது. அமெரிக்காவில் 1940களின் இறுதியில் 'நாளைய கோழி' என்ற பெயரில் ஒரு போட்டியே நடந்தது. ஏ அண்ட் பி என்ற மளிகைக் கடை நிறுவனம் அந்நாட்டு வேளாண் துறையின் துணையோடு நடத்திய போட்டி. அகன்ற நெஞ்சு, பருத்த தொடை, குறைந்த தீனியில் வேகமான வளர்ச்சி ஆகியவைதான் மதிப்பெண்ணுக்கான தகுதிகள். 1948இல் டெலவேர் மாநிலத்தில் நடந்த இறுதிச் சுற்றில் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சார்லஸ் வான்ட்ரெஸ் என்பவரின் கலப்பினம் வென்றது. நியூ ஹாம்ப்ஷயர் இனத்தோடு கார்னிஷ் இனத்தைச் சேர்த்து அவர் உருவாக்கிய கோழி அது.

இந்த கார்னிஷ் இனம் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் உருவானது. அதை உருவாக்கப் பயன்பட்ட முக்கியமான இனம், இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சண்டைக்கோழி. நம் ஊர்ச் சேவல்கட்டில் நிற்கும் பெருவிடைச் சேவல்களின் சொந்தபந்தம் அது. 'இந்தியச் சண்டைக்கோழி' என்றே கார்னிஷுக்கு அங்கே இன்னொரு பெயர் உண்டு. பிராய்லரின் அகன்ற நெஞ்சை வெளிநாட்டு விபரீதம் என்று பழிக்கும்போது, அந்த நெஞ்சில் ஒரு பங்கு இங்கிருந்து போனது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

சரி, ஹார்மோன் போட்டால் இன்னும் வேகமாக வளராதா? வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம். தீனியில் கலந்தால் கோழியின் வயிறு அதை மற்ற புரதங்களைப் போலச் செரித்துவிடும். ஊசியாகப் போட வேண்டுமென்றால், ஐயாயிரம் கோழிகள் உள்ள கொட்டகையில் ஒவ்வொன்றையும் பிடித்துத் திரும்பத் திரும்பக் குத்த வேண்டும். கிலோவுக்குச் சில ரூபாய் வளர்ப்புக் கூலிக்கு ஒப்பந்தம் போட்டு வளர்க்கும் பல்லடம், உடுமலைப் பக்கத்து விவசாயிக்கு அது கட்டுப்படியாகாது. பண்ணையில் மருந்து போடுவதைப் பார்த்தவர்கள் பார்த்தது பெரும்பாலும் தடுப்பு மருந்தை. அதுவும் கண்ணில் சொட்டாகவோ குடிநீரிலோதான் அதிகம் கொடுக்கப்படுகிறது.

இந்த வதந்திக்கு ஒரு பழைய வேர் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1950களில் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் செயற்கை ஈஸ்ட்ரோஜன் வில்லையைப் பதித்து வளர்க்கும் வழக்கம் இருந்தது. 1959இல் அது தடை செய்யப்பட்டது. வழக்கம் ஒழிந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் சந்தேகம் மட்டும் கடல் தாண்டி உயிரோடு இருக்கிறது.

ஹார்மோன் இல்லை என்பதால் எல்லாம் சரி என்று ஆகிவிடாது. இந்த வேகத்துக்கான விலையைக் கோழியின் உடம்பு கொடுக்கிறது. சதை வளரும் வேகத்துக்கு எலும்பும் இதயமும் நுரையீரலும் ஈடுகொடுக்க முடியாமல் கால் முடங்குவதும், வயிற்றில் நீர் கோத்துக்கொள்வதும் பண்ணைகளில் தெரிந்த பிரச்சினைகள். நெஞ்சுக்கறியில் வெள்ளைக் கோடுகள் ஓடுவதும், சில நேரம் சதை மரக்கட்டைபோல் இறுகிப்போவதும் இந்த வேக வளர்ச்சி ரகங்களில் மட்டும் பெருவாரியாகக் காணும் கோளாறுகள். சாப்பிடுகிறவருக்கு அதனால் ஆபத்து இல்லை. வளர்ப்பு முறை குறித்துக் கேள்வி எழுப்ப நினைப்பவர்கள் இல்லாத ஊசியை விட்டுவிட்டு இங்கிருந்து தொடங்கலாம்.

ருசி எங்கிருந்து வருகிறது?

நாட்டுக்கோழியைக் குக்கரில் வைத்தால் ஆறேழு விசில் கேட்கிறது. பிராய்லர் மூடி போட்ட சட்டியிலேயே இருபது நிமிடத்தில் வெந்து, அசந்தால் கரைந்தும் போகிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் கொலாஜன் என்ற இணைப்புத்திசுப் புரதம். தசை நார்களைக் கட்டி வைத்திருப்பது அதுதான். கோழிக்கு வயது ஏற ஏற கொலாஜன் இழைகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் கூடுகின்றன. புதிதாகத் திரித்த கயிற்றைவிடப் பல நாள் முறுக்கேறிய கயிறு பிரிக்கக் கடினமாக இருப்பதுபோல, முதிர்ந்த கொலாஜனைச் சூடு எளிதில் அவிழ்ப்பதில்லை. நீண்ட நேரம் கொதிக்கும்போது அது மெல்ல ஜெலட்டினாக மாறிக் குழம்பில் இறங்குகிறது. நாட்டுக்கோழி ரசத்தில் உதட்டில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பு இந்த ஜெலட்டின்தான். பிராய்லரிலும் கொலாஜன் உண்டு. ஆனால் நாற்பது நாள் வயதில் அது இன்னும் இளசு.

நிறத்துக்கும் இதுபோல ஒரு கதை. ஓடியாடும் கால் தசைக்கு ஆக்சிஜன் இடைவிடாமல் தேவை. அதைச் சேமித்து வைக்கும் மயோகுளோபின் என்ற செந்நிறப் புரதம் வயதோடும் உழைப்போடும் கூடுகிறது. குப்பை கிளறி, மரக்கிளையில் ஏறி, பருந்தைக் கண்டு ஓடிய கோழியின் தொடைக்கறி சிவந்திருப்பது அதனால்தான். எலும்பும் அப்படியே. பிராய்லரின் எலும்பு நுனி இன்னும் குருத்தாக இருக்கும்போதே வெட்டிவிடுவதால் கடித்தால் நொறுங்கும்.

நாக்கில் படும் உமாமிச் சுவைக்கும் குழம்பின் மணத்துக்கும் தசையிலுள்ள சில மூலக்கூறுகளே மூலப்பொருள். இனோசினேட் என்ற சேர்மம் அவற்றில் முக்கியமானது. கொரியாவிலும் தாய்லாந்திலும் அந்தந்த நாட்டு இனங்களை வணிகப் பிராய்லரோடு ஒப்பிட்ட ஆய்வுகளில் நாட்டு இனங்களில் இனோசினேட்டும், மணத்துக்கு உதவும் சில கொழுப்பு அமிலங்களும் கூடுதலாக இருந்தன. ஆக, "ருசின்னா நாட்டுக்கோழிதான்" என்பது வெறும் ஊர்ப் பாசம் அல்ல.

ஆனால் அந்த ருசியில் இனத்தின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு? நாமக்கல் வட்டாரத்தில் முட்டையிட்டு ஓய்ந்த லேயர் கோழியை வாங்கிச் சமைத்தவர்களுக்குப் பதில் தெரியும். அது நாட்டு இனம் அல்ல. கூண்டில் அடைபட்டு, பண்ணைத் தீனியே தின்ற வெள்ளை லெகார்ன் வம்சம். ஆனாலும் ஒன்றரை வயதைத் தாண்டிய அதன் கறி ரப்பராக இழுக்கும், நீண்ட நேரம் வேகும், அதன் சாறு பிராய்லர் சாற்றைவிட அடர்த்தியாக இறங்கும். வேகும் நேரத்தையும் கடிக்கும் பதத்தையும் முதலில் தீர்மானிப்பது வயது. உழைப்பும் தீனியும் இனமும் அதன் மேல் சேர்ந்துகொள்கின்றன.

நம் ஒப்பீட்டிலும் ஒரு ஓரவஞ்சனை இருக்கிறது. நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, மஞ்சள் தடவி, தீயில் வாட்டித் தோலோடு வெட்டுகிறோம். பிராய்லரைப் பெரும்பாலும் தோலை உரித்துவிட்டு வாங்குகிறோம். கொழுப்பில் கரையும் மணப்பொருள்கள் தோலிலும் அதன் அடியிலுள்ள கொழுப்பிலும்தான் அதிகம். சூட்டில் தோல் பொன்னிறமாகும்போது பிறக்கும் மணம் வேறு. ஒன்றுக்கு இத்தனை உபசாரம் செய்து மற்றொன்றின் தோலை உரித்து எறிந்தால், போட்டி தொடங்கும் முன்பே முடிவு தெரிந்துவிடுகிறது.

சத்தில் எவ்வளவு வித்தியாசம்?

தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22 கிராம் புரதம். பிராய்லராக இருந்தாலும் நாட்டுக்கோழியாக இருந்தாலும் இந்த அளவு பெரிதாக மாறுவதில்லை. வித்தியாசம் கொழுப்பில் வருகிறது. அசையாமல் நின்று தின்ற பிராய்லரின் தோலுக்கு அடியிலும் அடிவயிற்றிலும் கொழுப்பு சேர்கிறது. ஆனால் அந்தத் தோலும் வயிற்றுக் கொழுப்பும் கடையிலேயே கழிந்துபோனால் மிச்சமிருக்கும் கறியில் வேறுபாடு சுருங்கிவிடுகிறது.

புல்லும் பூச்சியும் தின்ற கோழியில் ஒமேகா-3 கொழுப்பு கூடுதல் என்பதும் உண்மைதான். ஆனால் தோல் நீக்கிய நெஞ்சுக்கறியில் மொத்தக் கொழுப்பே 100 கிராமுக்கு இரண்டு மூன்று கிராம்தான். அதில் ஒமேகா-3 இரண்டு மடங்கானாலும் மில்லிகிராம் கணக்கைத் தாண்டாது. ஒமேகா-3 வேண்டுமென்றால் மத்தி மீன் வாங்குவது மலிவான வழி.

வீட்டுக் கோழியின் மேன்மை தெளிவாகத் தெரிகிற இடம் முட்டை. ஜெர்மனியின் ஹாலே பல்கலைக்கழகம் 2014இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் திரிந்த கோழிகளின் மஞ்சள் கருவில் வைட்டமின் டி, கொட்டகைக்குள்ளேயே அடைபட்ட கோழிகளைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. நம்மைப்போலவே கோழியும் வெயிலில் வைட்டமின் டி தயாரிக்கிறது, அதை முட்டையில் வைக்கிறது. மஞ்சள் கருவின் நிறம் மட்டும் நம்பத்தகுந்த சாட்சி அல்ல. அது கீரையிலும் மக்காச்சோளத்திலும் உள்ள கரோட்டினாய்டு நிறமியின் வேலை. சாமந்திப்பூச் சாற்றைத் தீனியில் கலந்து எந்தப் பண்ணையும் கருவை ஆரஞ்சு நிறமாக்க முடியும்.

தோலின் மஞ்சள் நிறமும் அதே நிறமிதான், ஆனால் அதற்கு ஒரு மரபணுவும் ஒத்துழைக்க வேண்டும். ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் அந்த மரபணுவின் ஊற்றைத் தேடியபோது, அது வீட்டுக் கோழியின் முக்கிய மூதாதையான செங்காட்டுக்கோழியிடமிருந்து வரவில்லை என்று கண்டார்கள். தென்னிந்தியக் காடுகளில், மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் கூவித் திரியும் சாம்பல் காட்டுக்கோழியோடு என்றோ ஏற்பட்ட கலப்பில் வந்தது அது. உலகமெங்கும் உள்ள மஞ்சள் தோல் கோழிகளின் நிறத்துக்கு மூலம் நம் மலைக்காடுகளின் பறவை. அந்த நிறம் பிராய்லரிலும் வரலாம், நாட்டுக்கோழியில் வராமலும் போகலாம் என்பதால் வாங்கும்போது அதை மட்டும் அடையாளமாகக் கொள்ள முடியாது.

கவலைப்பட வேண்டிய மருந்து

ஊசி பற்றிய பேச்சில் மறைந்துபோகும் உண்மையான பிரச்சினை ஆன்டிபயாடிக். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் தாமஸ் ஜூக்ஸ், ராபர்ட் ஸ்டோக்ஸ்டாட் இருவரும், ஆன்டிபயாடிக் தயாரிப்பில் மிஞ்சிய சக்கையைக் கோழித் தீனியில் கலந்தபோது குஞ்சுகள் வேகமாக வளர்வதைக் கண்டார்கள். அங்கே தொடங்கி, நோயே இல்லாத கோழிக்கும் சிறிதளவு மருந்தைத் தினமும் ஊட்டும் வழக்கம் உலகமெங்கும் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கொடுப்பதை 2006இல் முற்றாக நிறுத்தியது. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014இல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழி மாதிரிகளைச் சோதித்தபோது அவற்றில் 40 சதவீதத்தில் மருந்தின் எச்சம் இருந்தது.

இதில் இரண்டு கேடுகள் உண்டு. கறியில் தங்கும் எச்சம் ஒன்று. கடைசி மருந்துக்கும் வெட்டுவதற்கும் இடையே குறிப்பிட்ட நாட்கள் விட்டால் அது கழிந்துவிடும். விடாமல் விற்பதுதான் சிக்கல். எச்சம் முழுவதையும் சமையல் சூடு அழித்துவிடும் என்று நம்ப முடியாது. இன்னொன்று இதைவிடப் பெரியது. சிறிது சிறிதாக மருந்தைப் பார்த்துப் பழகிய பாக்டீரியாக்களில் அதற்கு மசியாதவை மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அவை கோழிக் கழிவு வழியாக வயலுக்கும் நீருக்கும், பண்ணையில் வேலை செய்பவர்களின் கை வழியாக ஊருக்கும் போகின்றன. கோழியே சாப்பிடாத ஒருவருக்கும் நாளை மருத்துவமனையில் அந்த மருந்து வேலை செய்யாமல் போகலாம். கொலிஸ்டின் என்பது வேறெந்த மருந்தும் கேட்காதபோது மருத்துவர்கள் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதை எதிர்க்கும் திறனை ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் மரபணு 2015இல் சீனாவில் கண்டறியப்பட்டது. கால்நடைகளுக்கும் கோழிக்கும் கொலிஸ்டின் கொடுப்பதை இந்தியா 2019 ஜூலையில் தடை செய்தது.

வீட்டுக் கோழி இதிலிருந்து தப்பித்ததா? பெரும்பாலும் ஆம். ஆனால் எப்போதும் அல்ல. கோழி தூங்கி விழ ஆரம்பித்தால் மருந்துக்கடையில் ஒரு மாத்திரையோ கேப்சூலோ வாங்கிப் பிரித்து வாயில் போட்டுவிடும் பழக்கம் கிராமங்களில் இருக்கிறது. ஆனால் கோழியை அப்படித் தூங்கி விழ வைக்கும் வெள்ளைக்கழிச்சல் ஒரு வைரஸ் நோய். ஆன்டிபயாடிக்கால் அதற்குப் பயன் இல்லை. மருந்து கேட்கவில்லை என்றால், "செத்துப் போறதுக்குள்ள அறுத்துரு" என்று அடுத்த நாளே குழம்பு வைத்துவிடுகிறார்கள். பண்ணைக்காரர் காத்திருக்க வேண்டிய நாட்கள் நம் வீட்டு முற்றத்துக்கும் பொருந்தும் என்பது அந்த அவசரத்தில் யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

முற்றம் சுத்தமா?

திரிந்து மேயும் கோழி மண்ணைக் கிளறித் தின்கிறது. இரைப்பையில் தீனியை அரைக்கக் கல்லும் மணலும் வேண்டும் என்பதால் மண் தின்பது அதற்கு இயல்பு. ஆகவே மண்ணில் இருப்பது முட்டைக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுத் தோட்டக் கோழிகளின் முட்டைகளைச் சோதித்து 2022இல் வெளியான ஆய்வில், கடை முட்டையைவிடச் சராசரியாக 40 மடங்கு ஈயம் இருந்தது. பழைய சுவர்ப் பெயிண்ட்டும் ஈயம் கலந்த பெட்ரோலின் புகையும் பல ஆண்டுகளாக அந்த மண்ணில் படிந்திருந்தன. பழைய பேட்டரி உருக்கும் இடம், குப்பை எரிக்கும் மேடு, போக்குவரத்து மிகுந்த சாலையோரம் ஆகியவற்றுக்கு அருகே கோழி மேய்ந்தால் இங்கேயும் அதே விதிதான்.

சால்மோனெல்லா பாக்டீரியா வளர்ப்பவரின் நல்ல மனதைப் பார்த்து ஒதுங்குவதில்லை. பொழுதுபோக்காக வீட்டில் கோழி வளர்ப்பது பெருகியிருக்கும் அமெரிக்காவில், வீட்டுக் கோழிகளால் பரவிய சால்மோனெல்லா தொற்றில் 2020இல் மட்டும் 1,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவு செய்தது. குஞ்சைக் கையில் எடுத்துக் கொஞ்சிவிட்டுக் கை கழுவாத குழந்தைகளுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம்.

இதையெல்லாம் சொல்வது வீட்டுக் கோழியை விலக்கச் சொல்வதற்காக அல்ல. 2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புழக்கடைக் கோழிகள் சுமார் 31.7 கோடி. முந்தைய கணக்கெடுப்பைவிட ஏறக்குறைய 46 சதவீதம் கூடுதல். சிந்திய தானியம், கரையான், சோற்று மிச்சம் என்று வேறு யாருக்கும் பயன்படாததைத் தின்று முட்டையாகவும் கறியாகவும் மாற்றித் தரும் உயிர் அது. அவசரச் செலவுக்கு ஒரு சேவலைப் பிடித்து விற்கும் வீட்டுப் பெண்களுக்கு அது சேமிப்பும்கூட. பஞ்சாரத்தில் கவிழ்த்த குஞ்சுகளைக் காப்பாற்ற, காலத்தில் போடும் வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தும் இரவில் கீரிக்கு எட்டாத கூண்டும் பெரிதும் உதவும். கால்நடை மருந்தகங்களில் அந்தத் தடுப்பு மருந்து கிடைக்கிறது.

நடுவில் ஒரு மூன்றாவது கோழி

நகரத்துக் கடைகளில் நாட்டுக்கோழி என்ற பெயரில் விற்பதெல்லாம் முற்றத்தில் திரிந்தது அல்ல. ஹைதராபாதில் உருவான வனராஜா, பெங்களூருவில் உருவான கிரிராஜா, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் நந்தனம் கோழி, நாமக்கல் கோழி போன்ற மேம்படுத்தப்பட்ட ரகங்கள் இருக்கின்றன. அசில், சிறுவிடைக் கலப்புகளும் இருக்கின்றன. இவற்றைக் கொட்டகையில் வைத்து, மூட்டைத் தீனி போட்டு, மூன்று மாதம் வாக்கில் விற்கிறார்கள். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. புழக்கடைக்காகவே உருவாக்கிய நல்ல ரகங்கள் அவற்றில் உண்டு. ஆனால் வாழ்ந்த விதத்தில் இந்தக் கோழி பிராய்லருக்கும் முற்றத்துக் கோழிக்கும் நடுவில் நிற்கிறது. நெருக்கமாக அடைத்தால் நோயும் வரும், நோய் வந்தால் மருந்தும் வரும்.

தீனிக் கணக்கும் இங்கேதான் திருப்பம் எடுக்கிறது. ஒரு கிலோ எடை கூட பிராய்லருக்கு ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் கிலோ தீனி போதும். மெதுவாக வளரும் நாட்டு ரகத்துக்கு மூன்று கிலோவோ அதற்கு மேலோ தேவை. அந்தத் தீனி வயலில் விளைந்த மக்காச்சோளமும் சோயாவும். கோழிக்கறியின் கார்பன் சுமையில் பெரும்பங்கு தீனியில்தான் இருக்கிறது. லாரியில் பயணம் செய்த தூரத்தின் பங்கு சிறிது. அதனால் பக்கத்து ஊர்க் கொட்டகையில் மூட்டைத் தீனி தின்று வளர்ந்த நாட்டுக்கோழி, உள்ளூர்க் கோழி என்பதாலேயே சுற்றுச்சூழலுக்கு உகந்தது ஆகிவிடாது. அந்தப் பெருமை புழக்கடையில் மிச்சமீதியைத் தின்று வளர்ந்த கோழிக்கே உரியது. ஆனால் அப்படி வளர்த்து ஒரு நகரத்துக்கே கறி போட முடியாது. பிராய்லர் வந்த பிறகுதான் கோழிக்கறி விருந்தாளி வந்தால் மட்டும் கிடைக்கும் பண்டம் என்பதிலிருந்து கூலித் தொழிலாளியின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடாக மாறியது.

கத்திக்குப் பிறகு

சாப்பிட்டவருக்கு மறுநாள் வயிற்றுப்போக்கு வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது இனமும் அல்ல, தீனியும் அல்ல. வெட்டிய பிறகு நடப்பதுதான். சால்மோனெல்லாவும் கேம்பைலோபேக்டரும் எந்தக் கோழியின் குடலிலும் இருக்கலாம். குடல் கிழிந்து கறியில் பட்டால் அங்கே ஒட்டிக்கொள்ளும். நம் ஊர் வெயிலில் பல பாக்டீரியாக்கள் இருபது, முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

கண் முன்னால் வெட்டினால் புதுக்கறி என்ற நம்பிக்கையில் நியாயம் உண்டு. கெட்டுப்போன கறியை நம் தலையில் கட்ட முடியாது. ஆனால் அந்த மரக்கட்டையில் காலையிலிருந்து எத்தனை கோழி வெட்டினார்கள், கத்தியை எதில் துடைத்தார்கள், ஒரே வாளித் தண்ணீரில் எத்தனை கறியை அலசினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சுத்தமாக வெட்டி உடனே 4 டிகிரிக்குக் குளிர்வித்த கறி, அழுக்குக் கட்டையில் வெட்டி ஒரு மணி நேரம் பையில் தொங்கிய புதுக்கறியைவிடப் பாதுகாப்பானது. வீட்டிலும் குழாயைப் பெருக்கித் திறந்து கறியைக் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்திலிருக்கும் கொத்தமல்லியிலும் தட்டிலும் பாக்டீரியாவைச் சேர்க்கும். பாத்திரத்தில் மெதுவாக அலசி, தொட்டியையும் கத்தியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கறியின் உட்பகுதி 74 டிகிரியைத் தொட்டால் இந்தக் கிருமிகள் பிழைக்காது. நம் குழம்பும் வறுவலும் அந்தச் சூட்டை எளிதாகத் தாண்டிவிடும். அவசரத்தில் சுடும் தந்தூரியிலும் எலும்பை ஒட்டிய சிவந்த சதையிலும்தான் கவனம் வேண்டும்.

கணக்கை முடிப்போம்

கூடுதல் காசு உறுதியாக வாங்கித் தருவது ஒன்றே ஒன்று: நாட்கள். ஆறு மாதம் உயிரோடிருந்த கோழிக்கு அந்த ஆறு மாதத் தீனியும், பருந்துக்கும் நோய்க்கும் பறிகொடுத்த உடன்பிறப்புகளின் நட்டமும் விலையில் சேரும். அந்த நாட்கள் ருசியாகவும் பதமாகவும் குழம்பில் திரும்பக் கிடைக்கின்றன. ருசிக்காக அந்த விலையைக் கொடுப்பவர் ஏமாறவில்லை. ஆனால் மருந்தின்மையும் சுத்தமும் அந்த விலைக்குள் தாமாக வந்துவிடுவதில்லை, சத்திலும் கறியைப் பொறுத்தவரை பெரிய ஆதாயம் இல்லை.

ஆகவே கடைக்காரரிடம் கேட்க வேண்டியது "நாட்டுக்கோழிதானே?" என்பதல்ல. அதற்கு எப்போதும் ஆமாம் என்றுதான் பதில் வரும். எத்தனை மாதக் கோழி, கொட்டகையா வெளி மேய்ச்சலா, கடைசியாக மருந்து கொடுத்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுப் பார்க்கலாம். வளர்த்தவரையே தெரிந்திருந்தால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் கிடைக்கும். உள்ளூரில் வாங்குவதன் பெரிய லாபம் அதுதான். பதில் கிடைக்காத இடத்தில் இரட்டை விலை கொடுப்பதைவிட, கட்டையும் கத்தியும் சுத்தமாக இருக்கும் கடையில் ஒரு பிராய்லரைத் தோலோடு வாங்கி, மஞ்சள் தடவி வாட்டி, நிதானமாகச் சமைப்பது பணத்துக்கும் வயிற்றுக்கும் நல்லது.